அந்தாண்ட

டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார்கள்.
'பேப்பர்' என்று சொன்னால் அது பறக்க வேண்டும்.
அடையாற்றிலிருந்து வந்த பயிற்சியாளர் சொன்னதும் பறந்தது.
என்னுடையது தொங்கியது
மழைநாள் கொடியில் காயாத துணியாக.
"காத்து பத்தல, நிரோஷா."
தண்டையார்பேட்டையில் காற்றுக்கா பஞ்சம்?
உரக் கம்பெனி நாற்றம், லாரிப் புகை, கருவாடு
எல்லாம் அதில் ஏறித்தானே வீட்டுக்குள் வருகிறது.
சொல்லவில்லை. ஊதினேன்.

மூன்றாம் வாரம் பறந்தது.
அன்று முதல் என் பெயர் நோரா.

மெர்வினுக்குக் கடைசிவரை பறக்கவில்லை.
பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்.
நான்கு தலைமுறையாக அந்த வீட்டில்
பூனையைத் திட்டுவதும் இங்கிலீஷில்தான்.
தாய்மொழியின் உச்சரிப்பில்
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
"எங்க மம்மியையும் சேத்து ஃபெயில் பண்ணிட்டாங்க, மென்"
என்று சிரித்துவிட்டு
அடையாள அட்டையை மேஜையில் வைத்துப் போனான்.

ஒரு வியாழக்கிழமை
மூன்று பேர் கைமாற்றிவிட்ட கால் ஒன்று.
இங்கிலாந்தின் வடகிழக்கு, ஒரு காலத்தில் கப்பல் கட்டிய ஊராம்.
வாஷிங் மெஷின் ஓடும்போதே நடக்கிறதாம்,
சமையலறையிலிருந்து கூடத்துக்கு.
ஆமாம் என்பதற்கு 'ஐ' என்றார்
பஞ்சுமிட்டாய் கண்ட பிள்ளை மாதிரி.
வீட்டை 'ஹியம்' என்றார்.
பாதிச் சொல்லை முழுங்கி
மீதியை வலைக்கயிறு போல இஸ்துகினு போய்
எங்கேயோ கரையேற்றினார்.
பக்கத்து சீட்டில் யாருக்கும் புரியாதது
எனக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

"தப்பா எட்த்துக்காத கண்ணு, நம்ம பேச்சு ஒரு மாரி.
லண்டன்ல கீது பொண்ணு.
புள்ளைங்க முன்னால ஒயுங்கா பேசு நைனான்னுது."
அவர் சொன்னது இங்கிலீஷில்தான்.
எனக்கு இப்படித்தான் கேட்டது.

அங்கேயும் வடக்குதான் வாய் கொப்பளிக்க வேண்டும் போல.
அங்கேயும் ஒரு பேசின் பிரிட்ஜ் இருக்கும்.
அந்தாண்ட பிறந்தவர்கள்
இந்தாண்ட இறங்கும்போது
நாக்கை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து தொலைத்தது.
"நெஞ்சாண்ட சுர்க்குனு இஸ்துது சார், அப்பால வுட்டுடுது"
என்றாள் அம்மா.
குறுக்கே விழுந்தேன்.
"மார்பில் ஒரு பிடிப்பு டாக்டர், விட்டு விட்டு வருகிறது."
தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்தேன்.
டாக்டர் அதன்பின் என்னைப் பார்த்தே மருந்து எழுதினார்.
அம்மா வீடு வரும்வரை பேசவில்லை.
வலி என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினின் முதுகில் நாலு போல்ட் இருக்கும்,
லாரியில் ஆடாமல் இருக்கப் பூட்டியது,
கழற்றினீர்களா என்று கேட்டேன்.
நீண்ட மௌனம்.
"நாலுமே அப்டியேதான் கீது."
சிரித்தார். நானும் சிரித்தேன்.

தர மதிப்பெண் அறுபத்தொன்று.
'வாடிக்கையாளர் திருப்தி.
ஊழியரின் உச்சரிப்பு நழுவியது, ஏழாவது நிமிடம்.'
ஏழாவது நிமிடத்தைப் போட்டுக் கேட்டேன்.
அங்கே வார்த்தையே இல்லை,
சிரிப்புதான் இருந்தது.

இரவு கேப் வழக்கம்போல மெயின் ரோட்டிலேயே நின்றது.
"உள்ள வேணாம் மேடம், ஏரியா ஒரு மாதிரி."
அத்தோ கடையில் அடுப்பு இன்னும் அணையவில்லை.
"முட்ட வுடவாக்கா?"
"ஐ."
"இன்னாது?"
"ஒண்ணும் இல்லபா, வுடு. அம்மாக்கு ஒண்ணு கட்டு."
"காரம் எப்டி?"
நம்பரைப் போட்டு
கரண்டி பிடித்த அவன் காதோரம் நீட்டினேன்.